துரியன் வாடை

இலத்தூரிலிருந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதலே மூக்கம்மாளின் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் சாம்பார் அண்டாவை இறக்குமுன் அவளைத்தான் தேடுவார்கள். நாக்கில் விட்டுப் பார்க்கிற வழக்கமில்லை. அண்டாவின் மேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். "உப்பு ஒரு கை கொறையுது. காயம் போதும்" என்பாள். போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். அவளுடைய வீட்டுக்காரர் சுடலைக்கண்ணு, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எங்க ஸ்டேசனுக்கு மோப்ப நாய் வர நேரமாவும். அதுக்குள்ள இவள கூட்டிட்டுப் போயிருந்தா கேஸ் முடிஞ்சிருக்கும்."

அவள் முறைப்பாள். உள்ளுக்குள் பிடித்திருக்கும்.

அந்த மூக்கு போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கொரோனா காய்ச்சலில் தெருவே படுத்தது. எல்லோருக்கும் வாசனை போயிற்று, எல்லோருக்கும் திரும்பி வந்தது. மூக்கம்மாளுக்கு வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று முதலில் சொல்லாமலிருந்தாள். அப்புறம், இத்தனை நாள் சொல்லாததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்று சொல்லாமலிருந்தாள். கடுகு வெடிக்கிற சத்தம், வெங்காயத்தின் நிறம், கை அளவு, இவற்றை வைத்து ஓட்டினாள். கல்யாண வீட்டில் அண்டாவின் மேல் குனிந்தால் சமையல்காரரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவர் முகம் எப்படியோ அப்படி ஒரு பதில். இதுவரை தப்பித்துவிட்டாள். போன தையில் ஊசிப்போன சாம்பாரைச் சுடவைத்து ஊற்றியபோது மட்டும் சுடலைக்கண்ணு தட்டைத் தள்ளிவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கரண்டு போய்ப் போய் வந்ததில் ஃப்ரிட்ஜ் சரியில்லை என்று சொன்னாள். நம்பினாரோ என்னவோ.

தெரிந்துவிட்டால் யாரும் திட்டப்போவதில்லை. 'நீ உக்காரு, நாங்க பாத்துக்கிடுதோம்' என்பார்கள். அடுப்படி மருமகள் கைக்குப் போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்பது அவளுக்கு விளங்கவில்லை. அதை நினைத்தால்தான் பயம்.

பயமில்லாமல் அவள் செய்கிற சமையல் ஒன்று உண்டு. நூடுல்ஸ். மகன் மணிகண்டபிரபு பட்டாளத்தில் இருக்கிறான். அஸ்ஸாம் பக்கம் இருந்த இரண்டு வருடத்தில் சீனத்து நூடுல்ஸுக்கு நாக்கைப் பழக்கிக்கொண்டான். லீவுக்கு வந்தால் அதுதான் வேண்டும். குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் ஃபாஸ்ட் ஃபுட் கடை போடுகிற அவனுடைய கூட்டாளி காஜா, ஒருநாள் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தான். "யம்மா, முக்கால் வேக்காட்டுல எறக்கிப் பச்சத் தண்ணியில அலசிருங்க. எண்ணெ தடவி நல்லா ஆற விட்டுருங்க. பொறவு எல்லாம் தீயிலதான் இருக்கு. தீ ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா காயி தண்ணி விட்டுரும், நூடுல்ஸ் கஞ்சியாப் போயிரும்."

மூக்கு போன பிறகு கற்றுக்கொண்ட ஒரே சமையல் அது. அது எப்படி மணக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அதனால் எதுவும் குறைந்த மாதிரி இல்லை. இரும்புச் சட்டி புகைகிறதா, முட்டைக்கோஸ் சடசடக்கிறதா, சோயா சாஸ் சட்டியின் ஓரத்தில் பட்டுச் சீறுகிறதா என்று கண்ணும் காதும் பார்த்துக்கொள்ளும். மகன் தட்டை வழித்துத் தின்பான்.

இந்த வருடம் லீவு சாரல் நேரத்தில் அமைந்தது. காஜா கடையை ஏறக்கட்டிவிட்டு வெளிநாடு போகிறான் என்று, அவனுடைய பெரிய அடுப்பை மணிகண்டபிரபு வியாழக்கிழமை வீட்டுக்குத் தூக்கி வந்தான். வீட்டு சிலிண்டரிலேயே குழாயை இரண்டாகப் பிரித்து அவனே மாட்டினான். "மெக்கானிக்கக் கூப்பிட்டா என்னலே?" என்று சுடலைக்கண்ணு கேட்டார். "லாரி எஞ்சினையே பிரிச்சு மாட்டுதோம் நாங்க. இது ஒரு வேலையாப்பா" என்றான்.

மறுநாள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவன் ஒரு துரியன் பழத்தோடு வந்தான். கல்யாணமாகி மூன்று வருடம். மருமகள் ஜெயபிரியாவுக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை. துரியன் தின்றால் பிள்ளை நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. சீசனில் குற்றாலத்துக்கு வருகிற பாதிப் பேர் அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். பழத்தைப் பிளந்ததும் சுடலைக்கண்ணு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஜெயபிரியா தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், அதிகம் பேசாதவள். கண்ணை மூடி ஒரு சுளையை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கம்மாளும் மற்றவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

மிச்சப் பழம் அடுப்படி அலமாரியில் இருந்தது. வீடே நாறுகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சிலிண்டர் பக்கத்துச் சாக்கில் சுருண்டு கிடக்கிற பூனை மட்டும் ஏனோ உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மூக்கம்மாளுக்கு இரண்டு நாளாகத் தலை கனத்துக் கிடந்தது. சாரல் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் ஜெயபிரியா அலமாரிப் பக்கம் பார்க்காமலே டீ எடுத்துக்கொண்டு போனதை மூக்கம்மாள் கவனித்தாள். மகன் கடைவீதிக்குக் குடைமிளகாய் வாங்கப் போன நேரம். மிச்சப் பழத்தைத் தோலோடு பையில் கட்டி, அடுத்த தெரு மஞ்சு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வீட்டில் அதை ஆசையாகத் தின்கிறவர்கள் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் அழுகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நூடுல்ஸை அவித்து, அலசி, பெரிய தாம்பாளத்தில் விரித்து வைத்தாள். உச்சிக்குமேல் சாரல் வலுத்து, ஜன்னல் வழியே தாம்பாளத்தில் தெறித்தது. ஜன்னலைச் சாத்தினாள். ஈ மொய்க்காமல் இருக்கக் கதவையும் சாத்தினாள். முன்னறையில் உட்கார்ந்து கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கினாள். மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. நாலு மணிக்கே இருட்டின மாதிரி இருந்தது.

அரிந்த காய்களோடு அடுப்படிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். தலை இன்னும் கொஞ்சம் கனத்தது. ஜன்னலைத் திறக்கக் கை போயிற்று. தீ ஆடும். கையை எடுத்துக்கொண்டாள். இரும்புச் சட்டியைப் பெரிய அடுப்பில் வைத்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

சுடலைக்கண்ணு உதட்டில் சிகரெட்டோடு நிலைப்படிக்கு வந்தார். அடுப்பில்தான் பற்றவைத்துக்கொள்வது அவர் பழக்கம். "சீக்கிரம் பத்த வைட்டி" என்றவர் முகத்தைச் சுளித்தார். "தூ. பழ வாடை இன்னும் போவலயே."

பின்னால் வந்த மணிகண்டபிரபு சிரித்தான். "நேத்தைக்கு விட இன்னைக்குத்தான் தூக்குது. பழம் நல்லாப் பழுத்துருக்கு போல. இரும்மா, ஃபேனப் போடுதேன்."

"எத்தே, உங்களுக்கு வாந்தி வரல?" என்று முன்னறையிலிருந்து ஜெயபிரியா கேட்டாள். "பேர் வாங்குன மூக்கு, எப்படித்தான் அங்கன நிக்கீங்களோ."

மூக்கம்மாளின் பெருவிரல் லைட்டரின் மேல் இருந்தது. அலமாரியைப் பார்த்தாள். பழம் இருந்த தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. இந்த வீட்டில் பழம் இல்லை. காலையிலிருந்தே இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இவர்களுக்கு மூக்கு இருக்கிறது, பழம் போனது தெரியாது. தனக்குப் பழம் போனது தெரியும், மூக்கு இல்லை.

"ஏலே, சுவிச்சுல கைய வைக்காத" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணையும் தொடாத. இவரு சிகரெட்ட வாங்கு. பழம் இங்கன இல்ல. காலையிலயே மஞ்சு வீட்டுல குடுத்துட்டேன்."

மணிகண்டபிரபு மகனாக நின்றவன் பட்டாளத்தானாக மாறினான். சிலிண்டரைக் குனிந்து மூடினான். ஜன்னலைத் தள்ளித் திறந்தான். மூக்கம்மாள் லைட்டரை முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். எல்லோரும் சாரலில் துவைகல் பக்கம் நின்றார்கள்.

"கேஸ் வாடைக்கும் பழ வாடைக்கும் வித்தியாசம் எங்களுக்குத் தெரியல, சரி" என்றார் சுடலைக்கண்ணு. "ஒனக்குமாட்டி தெரியல?"

மறைக்க இனி இடமில்லை. "எனக்கு ஒரு வாடையும் தெரியாது" என்றாள். "காய்ச்சலோட போச்சு. நாலு வருசமாவுது."

அவர் ஏதோ கேலி சொல்ல எடுத்த வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். உதட்டிலிருந்து பறித்த சிகரெட் மகன் கையில் நனைந்துகொண்டிருந்தது. அவனும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மாட்டினது அவன்தான்.

ஜெயபிரியா மெல்லப் பேசினாள். "எத்தே, அந்த வாடை பழம் வாரதுக்கு முந்தியே இருந்துது. அடுப்பு வந்த அன்னைக்கே லேசா அடிச்சுது."

"ஏம்மா சொல்லல?" என்றாள் மூக்கம்மாள்.

"நீங்க நாள் முழுக்க உள்ளயே நிக்கீங்க. ஒண்ணும் சொல்லல. உங்களுக்கே தெரியாத வாடை எனக்கு எங்க தெரியப்போவுதுன்னு விட்டுட்டேன்."

மூக்கம்மாள் கணக்குப் பார்த்தாள். வெள்ளி, சனி, இன்று காலை. மூன்று நாளும் விடியலில் அந்த அடுப்படியில் நின்று தீப்பொறி தட்டி டீ போட்டிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

பூனை துவைகல்லின் மேல் உட்கார்ந்து வீட்டையே பார்த்தது. திறந்த ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்து, ஆறவைத்த நூடுல்ஸ் நனைந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தை எடுத்து வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜெயபிரியா நிலைப்படிவரை போய், உள்ளே கால் வைக்காமல் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"இருக்கு, எத்தே."

மூக்கம்மாள் தலையாட்டினாள். இனி இதைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.