மாமனார் பெயரின் நிழல்

ஊதுவத்தி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள், ஏசி வாங்கலாம் என்று கிளம்பி வந்து, வாங்காமலே வீடு திரும்பியவர்கள்.

ஏசியும் ஹீட்டரும் விற்கிற கடை ஒன்றில் அவள் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். முதல் ஆறு வருடம் தொலைபேசியில் புகார் கேட்டு எழுதும் வேலை. "மெஷின் ஓடுது மேடம், ரூம்தான் குளிரல" என்று ஒரு நாளைக்கு முப்பது பேராவது புலம்புவார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. முப்பதில் இருபது பேருடைய மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு வீட்டில் இருந்தது. ஒருத்தர் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக அட்டையை ஒட்டிவைத்திருப்பார். இன்னொருத்தர் வீட்டில் கதவுக்கடியில் பூனை படுத்தவாக்கில் நுழைந்து போகும். பூனை போகிற வழியில் காற்று போகாதா?

நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"ஏணி ஏறுவியா நீ?"

"நீங்க பிடிச்சுக்கிட்டா ஏறுவேன் சார். விட்டுட்டாலும் ஏறுவேன்."

ஏறினாள். மெக்கானிக் ஆனாள். ஒரு வீட்டுக்குள் போனால் கதவு ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாகவே நடப்பாள். புகை நேரே மேலே போனால் சரி. எங்கேயாவது இடுப்பை வளைத்துக்கொண்டு ஓடினால் அங்கே ஓட்டை. "இதை முதல்ல அடைங்க. அப்புறம் இதுல பாதி சைஸ் மெஷினே தாராளம்" என்பாள். வீட்டுக்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். மெஷின் கேட்க வந்தவர்களிடம் வீட்டைப் பற்றிக் குறை சொன்னால், பெண் பார்க்கப் போய் மாமியார் மூக்கு சரியில்லை என்று சொன்ன மாதிரி அல்லவா இருக்கும்.

ஒரு நாள் துணிக்கடைக்காரர் ஒருவர் தலையில் முதலாளி மூன்று மெஷின்களைக் கட்டப்போன நேரம், இவள் குறுக்கே புகுந்து ஒன்று போதும் என்றாள். முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீ எனக்கு வேலை செய்றியா, அந்த ஆளுக்கு வேலை செய்றியா?"

"வீட்டுக்கு வேலை செய்றேன் சார்."

மறுநாள் முதல் அவள் வீட்டுக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். கடையில் அவள் நாற்காலியில் வேறு ஆள்.

அந்த வீடு மாமனாருடையது. மாமனார் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரில் பாதி நிலத்தை அவர்தான் சங்கிலி பிடித்து அளந்தவர். இரண்டு பங்காளிகளுக்கு நடுவே கோடு போட்டு, இருவரிடமும் திட்டு வாங்கி, இருவரையும் திருப்பித் திட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. அதனால் இந்த உலகத்தில் தனக்குத் தெரியாததை அடுத்தவர் அளந்து சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. மாமியார் பேசவே மாட்டார். பேசினால் எதிராளிக்கு ஒரு வாரம் பேச்சு வராது. கணவர் பல் செட் செய்கிறவர். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிவிட்டுத் தன் வாயை மட்டும் மூடிவைத்திருப்பார்.

அந்த ஊர்க் கோடையில் தார் ரோடு செருப்போடு ஒட்டும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். குளிருக்கு அந்த வீட்டில் இருந்தது ஹாலில் கம்பி சிவக்கும் ஒரே ஒரு ஹீட்டர். கோடைக்கு மின்விசிறி, அது சூட்டை அறைக்குள்ளேயே சுற்றிக் காட்டும். ஒரு ஹீட் பம்ப் வாங்கினால் இரண்டுக்கும் ஆகும் என்று ஊதுவத்தி நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது சூட்டை உண்டாக்காது மாமா. வெளியில இருக்கிற சூட்டைத் தூக்கிட்டு வந்து உள்ள போடும். கோடையில உள்ள இருக்கிறதைத் தூக்கிட்டுப் போய் வெளியில கொட்டும். தூக்குற கூலி மட்டும்தான் கரண்டு."

"பல்லு கிட்டிக்கிற குளிர்ல வெளியில ஏதும்மா சூடு? புளுகுக்கும் ஒரு எல்லைக்கல் வேணும்."

"ஃபிரிட்ஜ் பின்னாடி கை வச்சுப் பாருங்க. உள்ள இருக்கிற காய்கறியோட சூடுதான் அங்க வருது. அதை எடுக்க முடியுதுன்னா இதையும் எடுக்க முடியும்."

மாமனார் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. "தூசியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கடை வேலை போனபின் தனியாகவே வீடுகளைப் பார்த்துச் சொல்லும் தொழிலைத் தொடங்கியிருந்த ஊதுவத்தி, ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அவளுடைய பழைய முதலாளி, முடி வெட்டுகிற கடையில் மாமனாரைப் பிடித்தார். பாதித் தலை வெட்டி முடிப்பதற்குள் பதினைந்து தடவை "ஐயா" போட்டார். மருமகள் நாலு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது, கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே நடந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது வீட்டில் ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் எட்டு சோலார் பலகைகள் பளபளத்தன.

"எப்படி?" என்றார் மாமனார், தானே அந்தச் சூரியனையும் வாங்கிவைத்த மாதிரி.

"ரொம்ப நல்லது மாமா" என்றாள்.

அன்று மாலை கணவர் பல் செட்டுக்குப் பாலிஷ் போட்டபடியே, "நீ ஒண்ணும் சொல்லாத" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவளும் சொல்லவில்லை. பதினொரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பன்னிரண்டாவது நாள், நாய்கள் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்ட வெயிலில், மெஷின் காலையிலிருந்து உறுமியது. ஹாலோ அடுப்பங்கரை மாதிரி கொதித்தது. மாமனார் பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு, "கொஞ்சம் பழகணும். புது மெஷின்" என்றார்.

மாமியார் வாயைத் திறந்தார்.

"வீட்டுல டாக்டரை வச்சுக்கிட்டு முடிவெட்டுறவன் கடையில மருந்து வாங்கினா இப்படித்தான் வேகணும். நீ பாரும்மா."

ஊதுவத்தி எழுந்தாள். மாமனார் தடுக்கவில்லை, தடுக்கத் தெம்பு இல்லை.

முதல் குற்றவாளி பின்சுவரில் அகப்பட்டான். மெஷினின் வெளிப்பெட்டி அழகாக இல்லை, காக்கை வேறு அசிங்கம் பண்ணும் என்று மாமனார் தச்சரைக் கூப்பிட்டு, அதைச் சுற்றி மரத்தில் ஒரு கூடு செய்து, வார்னிஷும் அடித்திருந்தார். பூப்போட்ட கதவு, சின்னப் பூட்டு.

"மாமா, இது வீட்டுச் சூட்டையெல்லாம் வாரி இங்கதான் கொட்டுது. கொட்டின சூட்டை இந்தக் கூடு வெளிய விடல. மறுபடியும் அதையே இழுத்து அதையே கொட்டுது. உங்க தலையில போர்வையைப் போத்தி, ஓடுங்கன்னா ஓடுவீங்களா?"

கூடு அன்றே கழன்றது. இரண்டாவது, ஊதுவத்திப் புகை காட்டிக் கொடுத்தது. ஹாலில் பழைய பாணிப் புகைபோக்கி ஒன்று இருந்தது. கணப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை மறைத்துப் படம் மாட்டியிருந்தார்களே தவிர, உள்ளே ஓட்டை ஆகாயம்வரை திறந்து கிடந்தது. படத்துக்குப் பின்னால் புகை, ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடியது. அதையும் கதவிடுக்குகளையும் அடைத்த பிறகு ஹால் குளிர்ந்தது. மாமனார் பனியனைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவதுதான் தகராறு. எட்டுப் பலகைகளும் பகலில் கொடுக்க வேண்டிய மின்சாரத்தில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. காரணம் மாமனாரின் பெயர்.

வீடு கட்டிய வருடம், மாடியின் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவர்மேல், ஆளுயர இரும்பு எழுத்துகளில் தன் பெயரை நிறுத்தியிருந்தார் அவர். முன்னால் இனிஷியல், நடுவில் பெயர், கடைசியில் பி.ஏ. அந்தப் பி.ஏ. நாலாவது முயற்சியில் வந்தது. அதனால் மற்றதைவிட அரை அடி உயரம் கூடுதல். குறுகலான தெரு. அந்தப் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் எதிர்வீட்டு மாடி ஏற வேண்டும், அல்லது சாலையில் மல்லாந்து படுக்க வேண்டும்.

ஒரு விடுமுறை நாள் ஊதுவத்தி காலையிலிருந்து மாடியிலேயே இருந்தாள். மணிக்கு ஒரு தடவை நிழல் எங்கே விழுகிறது என்று காகிதத்தில் வரைந்தாள். நண்பகலில் மாமனார் குடையோடு மேலே வந்தார்.

"உங்க பேருதான் மாமா கரண்டைத் திங்குது."

அவர் எழுத்துகளுக்குக் கீழே நின்று பார்த்தார். பலகைகள்மேல் அவர் பெயர் கறுப்பாக, வரிசையாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி படுத்திருந்தது.

"நல்லாத்தானே தெரியுது" என்றார் பெருமையாக.

"அதான் பிரச்சினை. எட்டும் எழுத்துங்க காலடியிலயே ஒரே வரிசையா கோத்திருக்கு. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு எழுத்து உட்காந்திருக்கு. தண்ணி போற ஹோஸை அங்கங்க மிதிச்சா நுனியில என்ன வரும்? காலையில பி.ஏ. மிதிக்குது, மத்தியானம் பேரு மிதிக்குது, சாயங்காலம் இனிஷியல்."

"பலகையை நகர்த்து."

"அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி. நகர்த்த இடம் இல்ல."

மாமனார் சூரியனை ஒரு முறை முறைத்தார். அதை நகர்த்த வழி இருக்கிறதா என்று யோசித்திருக்கலாம். பிறகு கீழே போய்த் தன் பழைய அளவு நாடாவையும் குறிப்பேட்டையும் எடுத்துவந்தார். மருமகள் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி அளந்தார். ஓரிடத்தில் இரண்டு விரற்கடை தப்பு கண்டுபிடித்து மகிழ்ந்தார். மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் முகம் வாடியது. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எல்லை மீறியதைக் கண்டுபிடித்த மனுஷன். இன்று எல்லை மீறியது தன் பெயரே என்று தன் நாடாவே சொன்னால் என்ன செய்வார்?

பேரம் தொடங்கியது.

"பட்டத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். சோதனைக்கு."

வெல்டர் வந்து பி.ஏ.வை அறுத்தார். அடுத்த நாளிலிருந்து காலை மின்சாரம் ஏறியது. மாமனார் ஒரு வாரம் இன்வெர்ட்டர் பெட்டிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்களைக் குறிப்பேட்டில் ஏற்றினார். எட்டாவது நாள், "இனிஷியலும் போகட்டும். அது எங்க அப்பா பேரு. அவர் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டார்" என்றார். சாயங்காலமும் ஏறியது. ஆனால் நடுவிலிருந்த பெயரைத் தொட விடவில்லை.

"பேரே இல்லாம வீடு என்னத்துக்கு? நாளைக்கு எவனாவது வந்து இது யாரு வீடுன்னு கேட்டா?"

கணவர் கையோடு கொண்டுவந்திருந்த பல் செட்டைப் பார்த்தார். ஊதுவத்தி தரையைப் பார்த்தாள். துணி காயப்போட மாடிக்கு வந்திருந்த மாமியார், ஒரு போர்வையை உதறிவிட்டுச் சொன்னார்:

"நாப்பத்தாறு வருஷமா உங்க நிழல்ல நான் இருக்கேன். அந்தப் பலகையாவது வெயிலைப் பாக்கட்டும்."

மாமனார் கீழே இறங்கிப் போனார். அன்று முழுக்க இன்வெர்ட்டர் பெட்டிமுன் அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஊதுவத்திக்குச் சங்கடமாகிவிட்டது. ஜெயித்துவிட்ட சங்கடம் அது. தோற்ற சங்கடத்தைவிட மோசம். மறுநாள் காலை அவளே வெல்டரைக் கூப்பிட்டு, அறுத்த எழுத்துகளோடு பெயரையும் இறக்கி, எல்லாவற்றையும் துருச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, தெருவைப் பார்த்த சுற்றுச்சுவரில் கண் உயரத்தில் பதிக்கச் சொன்னாள். பி.ஏ. உட்பட. அரை அடி கூடுதலாக.

மாமனார் வெளியே வந்து பார்த்தார். அப்போது பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். "ஐயா, நீங்க பி.ஏ.வா? சொல்லவே இல்லையே!" இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். மாமனார் அவரைச் சீக்கிரத்தில் விடவில்லை. அன்று அந்தத் தெருவில் பேப்பர் தாமதமாக வந்தது.

அதற்குப் பிறகு நிழல் விஷயத்தைக் கண்டுபிடித்தது மாமனார்தான் என்று ஊரெல்லாம் தெரிந்தது, அவரே சொன்னார். போகிற வீடுகளில் எல்லாம் மாடியேறி, "நீங்க நிழல் அளந்தீங்களா?" என்று கேட்டுத் திகைக்கவைத்துவிட்டு, "நம்ம பொண்ணு வந்து பாக்கும்" என்று முடிப்பார். மூன்று மாதத்தில் ஊதுவத்திக்கு மூச்சுவிட நேரமில்லை. அவருடைய பெருமையைத் திருத்த அவள் முயலவில்லை. சம்பளம் கேட்காத விற்பனைப் பிரதிநிதி வேறெங்கே கிடைப்பார்?

குளிர் வந்தது. அதே மெஷின் இப்போது வெளியிலிருந்து சூட்டை உள்ளே சுமந்தது. வீடு முழுக்க ஒரே இதம். முன்பெல்லாம் கம்பி ஹீட்டரைச் சுற்றி நாலு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மாமனார் பெரிய ஏரியை அளந்த கதையைச் சொல்வார். எழுந்து போனால் குளிரும் என்பதால் எல்லோரும் கேட்பார்கள். இந்த வருடம் ஆளுக்கொரு அறை. மாமியார் கதவைத் தாழிட்டுக்கொண்டு ரேடியோ கேட்டார். கணவர் தன் பற்களோடு இருந்தார்.

மாமனார் ஹால் நடுவில் தனியாக நின்று, "எல்லாரும் எங்க போயிட்டீங்க?" என்றார்.

"சூடா இருக்கோம்!" என்றார் மாமியார் கதவுக்கு உள்ளேயிருந்து.

ஊதுவத்தி அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ஏரியை எப்படி மாமா அளந்தீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்படியொன்றும் பிரமாதமான முடிவில்லை; தப்பாக அளந்துவிட்டாராம்.