வெண்பட்டால் துடைத்த இசைத்தட்டுகள்

மைக் செட் தொழிலில் பாட்டு நன்றாகக் கேட்டால் யாரும் நம்மை நினைப்பதில்லை. நடுவே ஒரு 'டப்' கேட்டால் பந்தலே நம் பக்கம் திரும்பும். இந்தத் தொழிலில் காய்ந்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாளில், சேலத்தில் அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் தறிக்குழியை விட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். வந்த சில மாதங்களில் இன்னொருவர் வேலைக்கு உலை வைத்தேன். அந்தக் கதைதான் இது.

மல்லசமுத்திரத்து மேடை

முதல் சம்பவத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் கடை ஆபரேட்டர் அந்தோணி அண்ணன் சொல்லக் கேட்டது. மல்லசமுத்திரத்தில் ஒரு பொதுக்கூட்டம். பேச்சாளர் மைக்கைப் பிடித்தவுடன் ஷாக் அடித்து, மேடையிலேயே துள்ளியிருக்கிறார். எர்த் கம்பி ஊன்றிய மண் காய்ந்து கிடந்ததுதான் காரணம். அண்ணன் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். செட் சரியாகிவிட்டது. பேச்சாளர் மட்டும் கடைசிவரை மைக்கைத் துண்டால் சுற்றிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் பேசினாராம்.

"எது கெட்டாலும் மொதல்ல எர்த்தைப் பாரு" என்பதுதான் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னதையும் அவர் அப்படியே சொல்லிக் காட்டுவார்: "ஏனுங்க, இன்னும் நாலு குடம் ஊத்துங்க. பேச்சும் கொஞ்சம் நனைஞ்சு சீக்கரம் முடியட்டும்."

துண்டும் பட்டும்

அந்த வருஷம் முதலாளி புது இசைத்தட்டுகள் வாங்கிவந்தார். பழைய அரக்குத் தட்டு கீழே விழுந்தால் சுக்குநூறாகும்; இது பிளாஸ்டிக், உடையாது. நான் சேரும்வரை தட்டுகளைத் துடைத்தவர் அந்தோணி அண்ணன். தோளில் கிடக்கும் துண்டின் நுனியை நனைத்துப் பிழிந்து ஒரு துடை. அதே துண்டால்தான் கழுத்து வியர்வையையும் துடைப்பார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் நெய்வது வெண்பட்டு வேட்டி. அப்பாவிடம் சொல்லி, தறியில் மிஞ்சிய ஒரு முழத் துண்டு வாங்கிவந்தேன். அதைவிட மென்மையான துணி உலகத்தில் இல்லை என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. ஒவ்வொரு தட்டையும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சரிப்பா பி.எஸ்ஸி., உன் பட்டு, உன் பாடு."

ஜலகண்டாபுரத்துக் கடலை

மாசி வெயிலில் ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாணம். முதல் பாட்டிலேயே படபடவென்று ஒரு சத்தம். குழாய் ஸ்பீக்கர் இரண்டும் அதை ஊருக்கே அனுப்பின. அண்ணன் ஊசியை மாற்றினார், ஒயரை மாற்றினார். நான் எர்த் கம்பிக்கு மூன்று குடம் ஊற்றினேன். பிறகு தட்டைக் குனிந்து பார்த்தால், கல்யாண வீட்டுக்குப் பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி எல்லாம் அதன்மேல் அப்பியிருந்தது. உடனே பட்டை எடுத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். சத்தம் கூடியது.

பெண்ணின் தாய்மாமன் வந்து நின்றார். "ஏனுங்க, பாட்டுக்குப் பொறத்தால யாருங்க கடலை வறுக்கறது?" என்றார்.

சொன்னதோடு விடாமல் கடைக்கும் ஆள் அனுப்பிவிட்டார். முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். சத்தம் போடமாட்டார், தீர்ப்பு மட்டும் சொல்வார். "ஊசிய மாத்தாமப் போட்டுப் புதுத் தட்ட அராவிப்போட்ட, அந்தோணி. இன்னொரு புகார் வந்துச்சுன்னா நீ வேலைய விட்டு நின்னுக்க."

கெங்கவல்லிக் குடம்

அடுத்தது கெங்கவல்லியில் ஒரு காதுகுத்து. அண்ணன் புது ஊசியோடு வந்தார். போதாதென்று வழியெல்லாம் ஜெபமும் செய்தார். நான் முந்தின நாளே எல்லாத் தட்டையும் பட்டால் இருமுறை துடைத்து வைத்திருந்தேன். ஊசி இறங்கியதும் அதே படபடப்பு. வாசலில் இருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு எர்த் கம்பியிடம் ஓடினேன்.

வீட்டுக்கார அம்மா பின்னாலேயே வந்தாள். "ஏம்பா, குடிக்கிற தண்ணிக்கு நாங்க அரை மைல் நடக்கிறோம். நீ இரும்புக்கு ஊத்திக்கிட்டிருக்கியே, அது என்ன முளைக்கவா போவுது?"

தோரணக் காகிதம்

வெறும் குடத்தோடு திரும்பி வந்தவன், வேறு வழி தெரியாமல் அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தேன். தோரணத்திலிருந்து கிழிந்த வண்ணக் காகிதத் துணுக்குகள் மேஜையில் கிடந்தன. தட்டைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவை எழும்பி வந்து தட்டில் ஒட்டிக்கொண்டன. என் முன்கை மயிரும் நிமிர்ந்தது.

கண்ணாடிக் கோலைப் பட்டால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும் என்று பரீட்சையில் முழுப் பக்கம் எழுதியவன் நான். படம்கூடப் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் தட்டுக்கும் அதே கதிதான்; அந்த மின்சாரம்தான் தூசியை இழுத்து ஊசியில் படபடத்திருக்கிறது. பட்டைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அண்ணன் தோளிலிருந்த துண்டை உருவி, நனைத்துப் பிழிந்து துடைத்தேன். பாட்டு சுத்தமாக வந்தது. ஆனால் வீட்டுக்காரர் அதற்குள் கடைக்குச் சொல்லியனுப்பிவிட்டார். அண்ணன் விவரம் புரியாமல் சிரித்தார்: "என்னப்பா, இப்ப என் அழுக்குத் துண்டு இனிக்குதா?"

நான் பட்டின் நுனி வெளியே தெரியாதபடி பைக்குள் இன்னும் ஆழத் தள்ளினேன்.

மேஜைமேல் பட்டு

மறுநாள் காலை முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். "சொன்னனல்ல?" என்றார், அவ்வளவுதான். அண்ணன் ஊசி டப்பாவை மேஜைமேல் வைத்தார். பிறகு கடைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன்: அந்த முடிச்சு சட்டென்று அவிழ்ந்திருந்தால் நான் பேசியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று அப்பா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் மறுபடி தறிதான். அண்ணனின் விரல்கள் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தன. நான் பட்டை எடுத்து மேஜைமேல் போட்டேன். "தப்பு என்னுதுங்க" என்றேன். நம்பட்டும் என்று, ஒரு காகிதத்தைக் கிழித்துத் தூவி, தட்டைத் தேய்த்து எழுப்பியும் காட்டினேன்.

முதலாளி மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு சாவியை அண்ணன் பக்கம் தள்ளினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இத்தன வருசம் படிச்சு, உங்கப்பன் நெய்ஞ்ச துணியிலயே இடிய வரவெச்சிருக்கற. அந்தோணி, இவனுக்கு ஒரு பருத்தித் துண்டு வாங்கிக் குடு. இவன் கைல பட்டக் கண்டா என்னக் கூப்புடு."

மனம் ஆறாமல், அடுத்த விடுமுறையில் நான் படித்த கல்லூரிக்கு ஒரு தட்டைக் கொண்டுபோய், ஆய்வுக்கூடத்திலிருந்த, மின்சாரம் ஏறிய பொருளைக் கண்டால் தங்க இலைகளை விரிக்கும் பொன்னிலை மின்காட்டியின் அருகே பிடித்துப் பார்த்தேன்: பட்டால் தேய்த்தபோது இலைகள் இரண்டும் விரிந்து நின்றன, அந்தோணி அண்ணனின் ஈரத் துண்டால் துடைத்தபோது அசையவே இல்லை, மூன்று வருஷம் நான் படித்த பௌதிகத்தை அவர் அதுவரை தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.