அலறிய மோட்டார், நகராத படகு

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். டெல்லியில் யமுனை கரையைத் தாண்டி ஊருக்குள் வந்திருந்தது. கிட்வாய் நகரில் குடியிருந்த நான் மத்திய அரசில் இயந்திரப் பொறியாளன். வெள்ள வேலைக்கு ஆள் எடுத்தபோது, மோட்டார் படகுப் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவன், தமிழும் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பயிற்சி நடந்தது ஒரு குளத்தில். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆற்றோரக் குடிசைகளில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. சேலம், தென்னார்க்காடு பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். தண்ணீர் சூழ்ந்த ஒரு மேட்டில் மூன்று குடும்பங்கள் மாட்டிக்கொண்டிருந்தன. மத்தியானம் நானும் ஹிந்திக்காரப் படகோட்டி ஒருவரும் அவர்களை அழைத்துவரப் போனோம். போகும்போது படகு சமர்த்தாகவே போனது.

ஏற்றும்போது விதியை எடுத்துச் சொன்னேன். படகின் பின்னால் மாட்டியிருக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, புடவை சிக்கும், கை சுடும். நல்ல விதிதான். எல்லோரும் தகரப் பெட்டி, அண்டா, குழந்தைகளோடு முன்பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

ஆற்றின் நடுவே வந்ததும், நான் பிடித்திருந்த மோட்டார் திடீரென்று ரேஸ் ஆனது. சாதாரணச் சத்தமில்லை, கழுத்தைப் பிடித்தாற்போல ஓர் அலறல். ஆனால் படகு முன்னேறவில்லை. வெள்ளம் எங்களைப் பக்கவாட்டில் இழுத்தது. வெள்ளம் போகும் திசையில், சற்றுத் தள்ளி, பழைய இரும்புப் பாலம் தெரிந்தது. அதன் தூண்களில் வேரோடு வந்த மரங்கள் சிக்கி, தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு நடைமுறை தெரியும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கேபிள் சிக்கவில்லை. மோட்டாரை அணைத்து, மேலே தூக்கி, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைப் பார்த்தேன். துணியோ கொடியோ சுற்றவில்லை. இதழ் உடையவில்லை, விசிறியை அச்சோடு பிணைக்கும் ஆணி முறியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் வினை. ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். எல்லாம் சரி என்றால், 'பணிமனைக்கு எடுத்துச் செல்லவும்' என்ற வரியோடு நான் படித்த கையேடு முடிந்துவிடும்.

மறுபடி கிளப்பினேன். முன்னைவிடப் பெரிதாக அலறியது. அது அலற அலற, ஜனங்கள் இன்னும் முன்னால் ஒண்டினார்கள். குழந்தைகள் வீறிட்டன. படகோட்டி "சாப், புல்" என்று பாலத்தைக் காட்டினார். பிறகு வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். அது எனக்கான யோசனை இல்லை, கடவுளுக்கான விண்ணப்பம்.

அப்போது முன்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். நல்ல ஆகிருதி. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று.

"அங்க போவாத, சாரு வேணாம்னாருல்ல" என்றான் கணவன்.

அவள் காதில் வாங்காமல் என்னிடமே வந்து நின்றாள். "இந்த மிசின மொதல்ல பந்த் பண்ணுங்க சாப். புள்ளைங்களுக்குக் கொல நடுங்குது. ஓட்டத் தெரியலன்னா எதுக்கு எடுத்தாந்தீங்க?"

சொல்லிவிட்டு, ஆட்டம் தாங்காமல் மோட்டார் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அலறல் சட்டென்று இறங்கியது. கனத்த சத்தம் ஒன்று வந்தது. படகு ஒரு உதறு உதறி, மூக்கைத் திருப்பி, கரையைப் பார்த்து நகர்ந்தது.

"பாத்தியா, நாலு வார்த்த கேட்டாத்தான் சரிப்படுது" என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் போனாள்.

"எழுந்திருக்காதீங்கம்மா" என்று கத்தினேன். "உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க. பெட்டியெல்லாம் பின்னால தள்ளுங்க."

"போவாதன்னாங்க, இப்ப வான்னுறாங்க. கவருமெண்டு" என்று முனகியபடி அவனும் பெட்டியோடு வந்தான்.

விஷயம் இவ்வளவுதான். பாரமெல்லாம் முன்னால் போனதால், நடு ஆற்று அலையில் படகின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. விசிறி தண்ணீருக்குப் பதில் காற்றைக் கடைந்தது. பயந்து எல்லோரும் முன்னால் நகர்ந்தபோது இன்னும் தூக்கியது, இன்னும் அலறியது.

பாலத்தின் தூண் ஒன்றின் பெயிண்ட் உரிந்த இடங்கள்கூடத் தெரியும் தூரத்தில் படகு கரை ஒதுங்கியது. படகோட்டி மோட்டாரை அணைத்தார். கரையில் நின்றவர்களிடம் அந்தப் பெண்மணி, மிசினுக்கும் தன் புருஷனுக்கும் ஒரே வைத்தியம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் அண்டாவை இறக்கிக் கொடுத்தேன்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன், எனக்கு வேலை தருகிறவர்கள் டாக்டர்கள் மட்டும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பெயரைக் கூப்பிடும்போது கால் தன்னால் பின்வாங்கும். இடுப்பில் குழந்தையோடு அந்த அலறலை நோக்கி நடந்து வந்தவளை நினைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போகிறேன்.