காயாத சிவப்புப் பெயிண்ட்

எங்கள் பழைய லாரியை என் கணவரே ஓட்டினார். ஆயுத பூஜைக்காகச் சக்கரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, காயுமுன்பே மாட்டச் சொன்னார்.

"ஈரப் பெயிண்ட் அமுங்கினா நட்டு லூசாயிரும் அண்ணாச்சி. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வாங்க, திரும்ப முறுக்கித் தாரேன்" என்றார் டயர் கடைக்காரர்.

"தீபாவளி லோடு காத்துக்கெடக்குப்பா" என்று என் கணவர் சிவகாசிக்குப் போய்ப் பட்டாசு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாத்தூருக்கு அருகே முன்சக்கரம் கழன்று லாரி கவிழ்ந்தது. பட்டாசு ஒன்றுகூட வெடிக்கவில்லை. சாமி காப்பாற்றியது என்றார்கள். நசுங்கிய அவருடைய இரண்டு கால்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

இப்போது பூஜை சமயத்தில் எங்கள் தெருவில் நிற்கும் லாரிகளின் நட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறேன். திரும்ப முறுக்கிவிட்டுப் போகச் சொல்கிறேன்.

"லோடு காத்துக்கெடக்கு தாயி" என்று கிளம்பிவிடுகிறார்கள். என் விரலில் ஈரச் சிவப்பு ஒட்டியிருக்கிறது.