சான்பாடாவிலிருந்து தாராவிக்கு, நின்று நின்று

காலை 8.10. சான்பாடாவில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் திறந்து, செல்போனில் பதினோரு படம் எடுத்துக்கொண்டேன். பேட்டரியின் ஓரத்தில் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தேன். தெரியாத மெக்கானிக்கிடம் போகிறவன் இதையெல்லாம் செய்யாமல் போகக் கூடாது என்பது என் கட்சி. நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிவிடுவார்கள் என்று சொல்லக் கேள்வி. யார் சொன்னது என்று மட்டும் கேட்காதீர்கள்.

வண்டிக்கு வந்த வியாதி இதுதான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்தப் போனால், இரண்டு முறை உதறிவிட்டு எஞ்சின் அணைந்துவிடும். பத்து நாளாக இப்படி. அதற்கு முதல் நாள்தான் தாணேயில் இருக்கும் என் மாப்பிள்ளை வண்டியை இரவல் வாங்கி ஓட்டினார். எனக்கு இது போதாதா? "இனிமே என் வண்டியத் தொடாதீங்க" என்று மகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கோ இது ஒன்பதாம் மாதம். நாளைக் காலை செம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். "டாக்சில போயிருவோம்ப்பா" என்றாள். முன்பின் தெரியாதவன் ஓட்டுகிற வண்டியில் அவளை இந்த நிலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. அதே சமயம், செம்பூர் போகும் வழியில் வாஷிப் பாலத்தின் நடுவில் பின்னால் லாரி வரும்போது என் வண்டி அணைந்தால் என்ன கதி என்று நினைத்து மூன்று இரவு தூங்கவும் இல்லை.

பாலத்தை எப்படியோ நிற்காமல் தாண்டிவிட்டேன். மான்கூர்டில் ஒரு தடவை அணைந்தது. செம்பூரில் மூன்று தடவை. சயன் சிக்னலில் அணைந்தபோது பின்னால் நின்ற டெம்போக்காரர் என் வம்சத்தையே இந்தியில் விசாரித்தார். சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஒன்றே கால் மணி நேரம்.

காலை 9.25. தாராவி தொண்ணூறு அடிச் சாலை. கார் நுழையும் அகலத்துக்கு மேல் ஒரு சாணும் அதிகமில்லாத பட்டறை. நடத்துகிறவர் மைதீன் பாய், சொந்த ஊர் கடையநல்லூர். நம்ம பக்கத்து ஆள் என்று எங்கள் கட்டடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இறங்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன் பாய், பதினோரு போட்டோ." வண்டியின் வியாதியை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"நல்லது அண்ணாச்சி. பிரேக்க மிதிச்சா எஞ்சின் நிக்குதா, சும்மா ஸ்லோல விட்டாலும் நிக்குதா?"

"பிரேக்க மிதிச்சாத்தான். பிரேக்கும் கல்லு மாதிரி இருக்கு. என் மாப்பிள்ளை எங்கயோ இடிச்சிருக்காரு."

"இடிச்சதப் பாத்தீங்களா?"

"பாக்கல."

அவர் என்னை உள்ளே உட்கார வைத்து, சொல்லும்போது பிரேக்கை மிதிக்கச் சொன்னார். திறந்த பானெட் அவரை மறைத்தது. அந்தப் பக்கம் எதைக் கழற்றுகிறாரோ என்று இரண்டு முறை இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

"நீங்க உள்ள இருந்து மிதிச்சாத்தான எனக்குத் தெரியும்? ஏன் இறங்கி இறங்கி வாறீங்க?" என்றார். மூன்றாம் முறை அவரே கூப்பிட்டார். "இங்க வந்து காதக் குடுங்க."

எஞ்சினிலிருந்து பிரேக் பக்கம் போகும் தடித்த ரப்பர் குழாய். அதன் மூட்டில் உஸ்ஸென்று சத்தம். பாய் குழாயை உள்ளங்கையால் அழுத்தி மூட்டோடு சேர்த்துப் பிடித்தார். அந்த நிமிடமே எஞ்சினின் உதறல் அடங்கியது. கையை எடுத்தார், மறுபடி உதறத் தொடங்கியது.

"குழா கழண்டு காத்து உள்ள போகுது அண்ணாச்சி. ஓட்டத்துல சமாளிச்சுக்கிடும். பிரேக்க மிதிச்சு ஸ்லோ ஆச்சுன்னா மூச்சு முட்டி பந்த், அணைஞ்சிரும். பிரேக்கு கல்லாட்டம் இருக்கதும் இதாலதான்."

"இப்ப நீங்கதான கைய வச்சீங்க? வரும்போது கழண்டிருக்காது" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பதினோரு போட்டோவ எடுங்க" என்றார்.

நாலாவது படத்தைப் பெரிதாக்கினேன். காலை எட்டேகாலுக்கு முன்பே குழாய் மூட்டிலிருந்து நழுவிச் சாய்ந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டு ஒரு துணிமூட்டை, நீல நைலான் கயிற்றில் தொங்கியது.

எங்கள் கட்டடத்தில் மழை தொடங்கினால் எலிகள் பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். புகையிலையைத் துணியில் முடிந்து உள்ளே கட்டுவது எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். மற்றவர்கள் ஒரு பிடி கட்டுவார்கள். ஒரு பிடியை நம்பாமல் அரைக் கிலோ கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஆடி ஆடிக் குழாயைப் பிடுங்கியிருக்கிறது.

"யாரு கட்டுனா? மாப்பிள்ளையா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அந்த எண்ணம் வராமல் இல்லை. "நான்தான்" என்றேன். "பதினஞ்சு நாள் இருக்கும்." அவமானமாக இருந்தது.

பாய் மூட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "குழா நல்லாத்தான் இருக்கு. ஒரு கிளிப்பு போட்டு இறுக்குனாப் போதும். அதையும் நீங்களே வாங்கிட்டு வாங்க. அப்புறம் பழசுன்னு சொல்லப்பிடாது." கிளிப் நாற்பது ரூபாய். கடையில் நின்றபோதுதான் உறைத்தது, ஒரு தடவைகூட வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

காலை 11.10. பாயைப் பக்கத்தில் உட்கார வைத்து மாட்டுங்கா வரை ஓட்டினேன். வழியில் நாலு சிக்னல், நாலிலும் எஞ்சின் அணையாமல் சீராக ஓடியது. காபி குடிக்க ஓரங்கட்டினோம். பாயை முதலில் போகச் சொல்லிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மாமா."

"வண்டி சரியாயிட்டு."

"என்ன கோளாறாம்?"

"எலிக்குக் கட்டுன புகையில. நான் கட்டுனது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாப்பிள்ளை. நான் பேசுனதுதான் தப்பு."

எஞ்சின் உதறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"காலைல ஆறு மணிக்கு வாங்க. நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்."

"அஞ்சரைக்கே வந்துருதேன் மாமா."

பாயைப் பட்டறையில் விட்டுவிட்டு சான்பாடா திரும்பும்போது வண்டி ஓரிடத்திலும் அணையவில்லை. பாலத்தின் நடுவில் நெரிசலில் பத்து நிமிடம் நின்றும் அணையவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியில் வைத்த சிவப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். மகள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாவியை அவள் கையில் வைத்து, "உன் வீட்டுக்காரர் வந்தாக் குடு" என்றேன்.