ஜெபாவின் கையில் தடித்த இறால்

பிள்ளைகளே, ஸ்டெல்லா, ஜெபா! உங்கள் அப்பா நான் குழம்பிய கதையை மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மில்லர்புரத்தில் எங்களோடு இருக்கும் ஸ்டெல்லாவுக்கு மூச்சிளைப்பு. கையில் ஒவ்வொரு பொருளின் சாற்றையும் சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் குத்தி, தடிக்கிறதா என்று பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டுக்குப் போனபோது, நாசரேத்தில் சித்தி வீட்டில் படித்து, லீவுக்கு வந்திருந்த ஜெபாவுக்கும் கையோடு பார்க்கச் சொன்னேன். மூச்சு இளைக்கிற பிள்ளைக்கு எதுவுமே தடிக்கவில்லை. ஓடியாடுகிற ஜெபாவுக்கு இறால் சொட்டு வைத்த இடம் தடித்துவிட்டது. பயந்து, அவனுக்கு இறாலை நிறுத்தினேன்.

"எப்பவும் தின்னுதேன், ஒண்ணும் செய்யலயே! அவளுக்கு இளைச்சா என் தட்டையா பறிக்கீய?" என்று அழுதான்.

டாக்டரிடம் ஓடினேன். "தின்னு ஒண்ணும் செய்யலன்னா, தடிப்ப மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. அவன் தின்னட்டும். ஸ்டெல்லாவுக்குத் தடிக்கலன்னு மருந்த நிறுத்திராதீய" என்றார்.

எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. இப்போது ரிப்போர்ட்டைப் பார்க்குமுன் தின்றால் என்ன செய்கிறது என்று பிள்ளையிடம் கேட்கிறேன். டாக்டரைப் பார்த்த அந்த வார ஞாயிறு, நீங்கள் இருவரும் சர்ச்சுக்குப் போனபின், ஜெபாவுக்காக இறால் வாங்கிவந்து தனியாக உட்கார்ந்து உரித்தேன்.