பை மாட்டிய முதலை

போன வருஷம் மழைக்காலத்தில், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் நடந்தது இது. பகலில் நான் அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவன். மாலையானால் கலைஞன். அப்படிச் சொல்லிக்கொள்வது நான் ஒருவன்தான்.

சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டால் முதலை தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மா மிரட்டுவார். தூக்கிப்போன பிள்ளைகளின் பைகளை அது என்ன செய்யும் என்பதுதான் என் கவலை. அந்தக் கவலையை நாற்பத்திரண்டு வயதில் செய்தே பார்த்துவிட்டேன். மூங்கில், பழைய டயர், பச்சைத் தார்ப்பாய், பன்னிரண்டு அடி நீளம். முதுகில் புத்தகப் பை, கழுத்தில் டை, பல்லுக்கு நடுவே டிபன் பாக்ஸ். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் உப்பங்கழியில் மிதக்கவிட்டுக் கயிற்றால் கட்டினேன். மூன்று மாதம் ஊரே வந்து அதன் மூக்கைத் தடவிப் படம் எடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாடை கழன்றுவிட்டதென்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையை மட்டும் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தேன். உப்பங்கழிப் பக்கமிருந்து வந்த பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்காமலே வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணே, உங்க மகர்மச் இன்னிக்கி ஏக்தம் அசல் முதலை மாதிரியே இருக்கு! பையைக் கழட்டிட்டீங்களா? மோட்டர் கீட்டர் வெச்சிருக்கீங்களா, தானா நகருது?"

என் மடியில் முதலைத் தலை.

"ஐயோ, அது என்னுது இல்லப்பா!"

"போங்கண்ணே, எப்பவும் மஜாக், கிண்டல்தான் உங்களுக்கு."

ஸ்கூட்டரை விரட்டினேன். தலையை ஏன் கூடவே எடுத்துப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரையில் ஒரு பெண் செல்போனை நீட்டியபடி நின்றார். அவர் கணவர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்த புதியவர். முழங்கால் தண்ணீரில் நின்றவர், படத்துக்காக இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தார். ஏழெட்டு அடி தள்ளி, அசையாத ஒரு முதுகு. அதில் பை இல்லை.

"சார், வெளிய வாங்க! அது நிஜ முதலை!"

அவர் சிரித்தார். "உங்களப் பத்தி ஆபீஸ்ல எல்லாம் சொல்லிட்டாங்க சார். நான் ஏமாற மாட்டேன்."

கத்தினேன். கும்பிட்டேன். "நல்லா நடிக்கிறாருங்க," என்றார் மனைவி. இத்தனை வருஷம் செய்த குறும்பெல்லாம் சேர்ந்து அன்றைக்கு என் வாயை அடைத்தது. வேறு வழி தெரியாமல் ஸ்கூட்டரில் இருந்த தலையை இரண்டு கையாலும் உயரத் தூக்கினேன். டை காற்றில் ஆடியது.

"என்னுது இங்க இருக்கு சார்!"

அவர் என் கையைப் பார்த்தார். திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். முதுகைக் காணவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் அமிழ்ந்திருந்தது. இரண்டே தாவலில் கரையில் வந்து விழுந்தார். செருப்பு தண்ணீரோடு போயிற்று. மூன்று பேரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"டை நல்லா இருக்கு சார்," என்றார் புதியவர், பல் தந்தியடிக்க.

அந்தத் தண்ணீரிடம் ஊருக்கு இருந்த பயத்தை மூன்றே மாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி விரட்டியவன் நான். இப்போதெல்லாம் யாராவது என் வேலையைப் பார்த்துச் சிரித்தால், அவர்களிடமிருந்து எந்தப் பயத்தைப் பிடுங்கிவிட்டேனோ என்று எனக்குத்தான் முதலில் உதறுகிறது.